குழுவுக்கு முதலில் ஒரு கொப்பி
(கொழும்பில் மருத்துவபீட மாணவர்களுக்கு ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவைக்கு வணக்கம். கின்சி வீதியில் வார்ட் முடித்து, சாப்பிட்டும் சாப்பிடாமலும் வந்திருக்கும் தம்பி தங்கையருக்கு இன்னொரு வணக்கம். நாளைக் காலை எட்டு மணிக்கு நீங்கள் திரும்பவும் வார்டில் நிற்கவேண்டும். ஆகையால் நேரே விடயத்துக்கு வருகிறேன்.

மருத்துவத்தில் புதியது செய்ய விரும்பும் மாணவர்களுக்கு ஒரு குழு வேண்டும் என்று பேச்செடுத்தால் உடனே மூன்று கேள்விகள் எழும். என்ன கருவி செய்வது? எந்தப் போட்டிக்கு அனுப்புவது? காசு யார் தருவது? மூன்றையும் ஒரு வருடத்துக்கு ஒத்திவையுங்கள். குழுவுக்கு முதலில் வேண்டியது ஒரு சி.ஆர். கொப்பி. வார்டிலும் கிளினிக்கிலும் கண்ட சிக்கல்களை எழுதிவைக்கும் கொப்பி. ஐந்து பட்ச் கைமாறிய பிறகும் அது தொலையாமல் இருந்தால் உங்களிடம் ஒரு குழு இருக்கிறது. கொப்பி இல்லாவிட்டால் இருப்பது வாட்ஸ்அப்பில் இருநூறு பெயர்கள் மட்டுமே.

கொப்பியில் என்ன எழுதுவது? ஒரு சிக்கலுக்கு ஒரு பக்கம். கண்டது என்ன, எந்த வகை வார்ட், பகலா இரவா, சிரமப்பட்டது யார், அவர்கள் இப்போது அதை எப்படிச் சமாளிக்கிறார்கள், ஒரு கிழமையில் எத்தனை தடவை நடந்தது. கடைசியில் ஒரே ஒரு வசனம்: யாருக்கு, என்ன சிக்கல், எது மாறினால் தீர்ந்தது என்போம். ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் 2001இல் தொடங்கிய, மருத்துவக் கருவிகளை உருவாக்கக் கற்றுத்தரும் பயோடிசைன் பயிற்சி இந்த வசனத்தைச் சரியாக எழுதுவதற்கே நெடுநாள் செலவிடச் சொல்கிறது. அதற்கு ஒரு கண்டிப்பான விதி உண்டு. தீர்வின் பெயர் வசனத்துக்குள் வரக்கூடாது. 'டெங்கு நோயாளிக்கு ஒரு செயலி தேவை' என்று எழுதிய கையோடு யோசனை நின்றுவிடுகிறது.

டெங்கையே எடுத்துப் பார்ப்போம். மழைக்குப் பின்னான கொழும்பில் இந்த வார்டைப் பார்க்காதவர் இங்கே இருக்கமாட்டீர்கள். குருதிக் குழாயிலிருந்து நீர் கசியும் ஆபத்தான கட்டம் ஏறத்தாழ 48 மணித்தியாலம். அந்த நேரத்துக்கு நம் தேசிய வழிகாட்டி ஒரு நீர்க்கணக்கு வைத்திருக்கிறது. 50 கிலோ எடையுள்ளவருக்கு முதல் 10 கிலோவுக்குக் கிலோவுக்கு 100 மில்லிலீற்றர், அடுத்த 10 கிலோவுக்கு 50, மிச்சம் 30 கிலோவுக்கு 20; ஆக 2100. அதனோடு உடல் எடையின் ஐந்து வீதம் 2500. மொத்தம் 4600 மில்லிலீற்றர், 48 மணித்தியாலத்துக்கும் சேர்த்து. நாளத்தால் ஏறுவதும் வாயால் குடிப்பதும் இதற்குள் அடக்கம். குறைந்தால் நோயாளி குருதியோட்டம் குன்றி அதிர்ச்சி நிலைக்குப் போவார். கூடினால் நெஞ்சிலும் வயிற்றிலும் நீர் தேங்கி மூச்சு முட்டும்.

நாளத்தால் ஏறுவது போத்தலில் தெரியும். வாயால் குடிப்பது? அம்மா வீட்டிலிருந்து கஞ்சி கொண்டுவருகிறார். அப்பா இளநீர் வாங்கிவருகிறார். மேசையில் ஒரு லீற்றர் ஜீவனி, அதாவது நீரிழப்புக்குக் குடிக்கும் உப்புத்தூள், கரைத்து வைத்திருக்கிறது. காய்ச்சல் தொடங்கிய நாளில் 'நிறையக் குடிக்கக் கொடுங்கள்' என்று சொன்னவர்கள்தான் இன்றைக்கு 'அளந்து கொடுங்கள்' என்கிறார்கள். இரண்டுக்கும் நடுவில் என்ன மாறியது என்பதைத் தாய்க்கு அவர் மொழியில் யாரும் சொல்லவில்லை. 'ரெண்டு கப் குடிச்சான் மிஸ்' என்கிறார். அந்தக் கப் 120 மில்லிலீற்றரா, 250ஆ? அட்டவணையில் ஏதோ ஓர் எண் ஏறுகிறது.

இப்போது வசனத்தை எழுதுங்கள்: 'டெங்கின் ஆபத்தான கட்டத்தில் இருக்கும் நோயாளி வாயால் குடிக்கும் நீர் கணக்கில் ஏறாமல் போவதைத் தடுத்து, மொத்த அளவை எல்லைக்குள் நிறுத்த ஒரு வழி.' இதற்கு விடை கோடு போட்ட ஒரு கோப்பையும், கட்டில் ஓரத்தில் மூன்று மொழியில் ஒரு தாளுமாக இருக்கலாம். ஒரு கோப்பை குடித்ததும் வீட்டார் ஒரு கோடு கீறுவார்கள். கேட்க எளிதாக இருக்கும். செய்துபார்த்தால் எங்கெங்கே பிசகும் என்பதை முன்கூட்டியே கொப்பியில் எழுதுங்கள். மார்க்கரால் போட்ட கோடு நாலு தடவை கழுவினால் அழியும். வீட்டார் ஊற்றும்போது கோடு கீறுவார்களா, குடித்து முடித்த பிறகா? அரைக் கோப்பையோடு நிறுத்தினால் என்ன செய்வது? வாந்தியைக் கழிப்பது எப்படி? பகலில் அம்மா, இரவில் அக்கா. ஒருவர் கீறியதை மற்றவர் அறியவேண்டும். தாள் நனையும். கோப்பை நோயாளியோடு வீட்டுக்குப் போய்விடும், அடுத்தவருக்கு இல்லை. இந்தப் பட்டியலை முதல் நாளே எழுத உங்களுக்கு உதவக்கூடியவர் அந்த வார்டின் தாதி. இதனாலேயே மருத்துவ மாணவர்கள் மட்டும் கூடும் குழுவை நாங்கள் ஊக்குவிப்பதில்லை.

யார் யார் வேண்டும்? தொடக்கத்தில் 12 முதல் 15 பேர் போதும். பாதிக்கு மேல் மருத்துவ மாணவர்கள் வேண்டாம். உயிர்மருத்துவப் பொறியியல் படிப்பவர்கள் கட்டுப்பெத்தையில், மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் இருக்கிறார்கள். கணினி படிப்பவர்கள் ரீட் மாவத்தையில், நடந்து போகும் தூரம். தாதியர் மாணவர் இருவர், மருந்தாளர் ஒருவர். எல்லோரும் மறந்துவிடும் ஒருவர், வைத்தியசாலையின் உபகரணங்களைத் திருத்தும் தொழில்நுட்பவியலாளர். எந்த இயந்திரம் ஏன் மூலையில் கிடக்கிறது என்பது அவருக்குத் தெரியும். ஒன்றுக்கு இரத்த அழுத்தக் கஃப்பின் குழாய் கசிகிறது. இன்னொன்றின் பற்றரி அந்த நிறுவனத்தைத் தவிர வேறெங்கும் கிடைக்காது. மூன்றாவதற்குக் குறை ஒன்றுமில்லை, அதை இயக்கத் தெரிந்தவர் இடம்மாறிப் போய்விட்டார். கழித்துவிட்ட உபகரணத்தை அவர் மேற்பார்வையில், அனுமதியோடு பிரித்துப் பூட்டும் ஒரு பின்னேரம் பத்து விரிவுரைக்குச் சமம். பாவனையில் இருக்கும் எதையும் தொடவேண்டாம்.

ஒரு சிக்கலுக்கு நாலைந்து பேர் கொண்ட அணி போதும். ஏழாவது ஆள் வந்தால் வேலை செய்பவர் மூவர்தான்.

கூட்டம் இரண்டு கிழமைக்கு ஒருமுறை, 90 நிமிடம். இடத்தைப் பீடம் இருக்கும் கின்சி வீதியிலேயே வைத்தால் கட்டுப்பெத்தைப் பிள்ளைகள் 101ஆம் இலக்க பஸ்ஸில் காலி வீதி நெரிசலைக் கடந்து வரவேண்டும். மூன்றாம் கூட்டத்தோடு நின்றுவிடுவார்கள். ஒன்றுவிட்டு ஒன்று அங்கே நடத்துங்கள், அல்லது இடையில் வெள்ளவத்தையிலோ பம்பலப்பிட்டியிலோ ஓர் அறை பாருங்கள். பரீட்சைக்கு முந்திய ஆறு கிழமை ஒன்றும் வைக்காதீர்கள். அந்த இடைவெளியை வருடத் தொடக்கத்திலேயே நாட்காட்டியில் அடைத்துவிட்டால் யாரும் குற்ற உணர்வோடு விலகிப் போகமாட்டார்கள். இறுதிப் பரீட்சை முடித்து உள்ளகப் பயிற்சி நியமனத்துக்குக் காத்திருக்கும் மாதங்கள் நமக்குப் பெரிய கொடை. அறிவும் இருக்கும், நேரமும் இருக்கும். அவர்களை வழிகாட்டிகளாகப் பிடித்துவையுங்கள்.

ஒன்றை அழுத்திச் சொல்லவேண்டும். அண்ணா, அக்கா பேசிய பிறகு தம்பி வாய் திறக்கமாட்டான். நம் பழக்கம் அது. மரியாதை இருக்கட்டும், பேச்சின் வரிசையை மட்டும் மாற்றுங்கள். இளையவர் முதலில், இறுதியாண்டு கடைசியில். தாதியர் மாணவியை எந்தச் சந்தர்ப்பத்திலும் இரண்டாவது இடத்துக்குப் பின்னே போடாதீர்கள்.

தமிழ் பேசும் மாணவர்களுக்கு இந்த நகரத்தில் தனியான ஒரு பொறுப்பு இருக்கிறது. கொட்டாஞ்சேனையிலிருந்தும் மலையகத்திலிருந்தும் வரும் நோயாளி சொல்வது முழுவதும் அவருடைய வார்ட் பதிவேடான பெட் ஹெட் டிக்கெட்டில் ஏறுவதில்லை. 'கை விறைக்குது' என்று ஒருவர் சொன்னால் உணர்ச்சி குறைந்ததா, மடக்க முடியாமல் இறுகியதா என்று கேட்டறியவேண்டும். எழுதுபவர் இறுக்கம் என்று எழுதினால் நரம்புப் பரிசோதனை வேறு திசையில் போகும். இப்படிப்பட்ட சொற்களைக் கொப்பியின் பின்பக்கத்திலிருந்து சேர்த்துக்கொண்டு வாருங்கள். யாழ்ப்பாணத்தில் 1978 முதல் மருத்துவபீடம் இருக்கிறது, மட்டக்களப்பிலும் இருக்கிறது. அவர்களுடைய கொப்பியும் உங்களுடையதும் மாதம் ஒருமுறை பக்கத்துக்குப் பக்கம் ஒத்துப்பார்க்கப்பட்டால், எது கொழும்பின் சிக்கல், எது எல்லா வைத்தியசாலைக்கும் பொதுவானது என்பது தெரியும். ஆனால் குழுவைத் தமிழ்க் குழுவாக மூடிவிடாதீர்கள். வார்டில் வேலை செய்வது மூன்று மொழியும் சேர்ந்துதான்.

இனிக் கருவிக்கு வருவோம். மாணவர் குழுக்கள் ஆசையோடு எடுக்கும் ஒன்று, குருதி ஒட்சிசன் அளவிடும் விரல் கருவி. புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் பாகங்களைத் தேடி வாங்கி ஒரு பின்னேரத்தில் பூட்டிவிடலாம். 660 நனோமீற்றர் சிவப்பு ஒளி, 940 நனோமீற்றர் அகச்சிவப்பு ஒளி, ஓர் உணரி. திரையில் 98 என்று வந்ததும் எல்லோரும் கைதட்டுவார்கள். அந்த 98 எங்கிருந்து வந்தது? இரண்டு ஒளியின் விகிதத்தை வீதமாக மாற்றும் அட்டவணையை யாரோ எழுதியதிலிருந்து. முறையான உற்பத்தியாளர் அந்த அட்டவணையைச் சரிபார்க்க, ஆரோக்கியமான தன்னார்வலர்களின் ஒட்சிசன் அளவைக் கட்டுப்பாட்டோடு 70 வீதம் வரை இறக்கி, நாடிக்குருதி எடுத்து ஒப்பிடுகிறார். உங்களால் அது முடியாது, செய்யவும் கூடாது. ஆகவே உங்கள் கருவி நலமுள்ளவரில் சரியாகவும் நோயாளியில் பிழையாகவும் காட்டக்கூடும். குளிர்ந்த விரல், அசைவு, நகப்பூச்சு, மேலே விழும் வெளிச்சம் எல்லாம் கெடுக்கும். கடையில் வாங்கும் தரமான கருவியே கறுத்த தோலில் உண்மையைவிடக் கூட்டிக் காட்டக்கூடும் என்பதை 2020இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு பெருந்தொகை நோயாளிகளில் காட்டியது. நம் தோல் நிறத்தில் இது நம் கேள்வியும்தான். இந்தக் கருவியைக் கற்பதற்குச் செய்யுங்கள், நோயாளியின் விரலில் மாட்டாதீர்கள்.

சேலைன் முடிந்தால் ஒலிக்கும் மணியும் அப்படித்தான். துளிக்குழலின் சுவரில் நீராவி படிந்தால் உணரி குருடாகிவிடும். நோயாளி திரும்பிப் படுத்தால் துளி சாயும். 20 துளி ஒரு மில்லிலீற்றர் என்று எழுதிய மென்பொருளை மில்லிலீற்றருக்கு 60 துளி விழும் சேலைன் செட்டில் மாட்டினால் கணக்கு மூன்று மடங்கு பிழைக்கும். இரவில் பத்துக் கட்டிலில் மணி அடித்தால் தாதி எதைப் பார்ப்பார்? ஆளில்லாத இடத்தில் மணி கூடினால் மணியை அணைக்கும் பழக்கம்தான் வரும்.

கைக்கு எட்டியதைக்கொண்டு உயிர் காத்தவர்களும் பக்கத்திலேயே இருக்கிறார்கள். வங்காளதேசத்தின் டாக்டர் சயிபா அக்தர் 2000ஆம் ஆண்டு டாக்கா மருத்துவக் கல்லூரி வைத்தியசாலையில், பிரசவத்துக்குப் பின் நிற்காத குருதிப்போக்குக்கு ஆணுறை ஒன்றைக் கதீற்றர் என்ற மெல்லிய குழாயில் கட்டி, கருப்பைக்குள் வைத்துச் சேலைனால் ஊதி அழுத்தினார். பாகங்கள் எல்லாம் வார்டிலேயே இருந்தவை. சிக்கலை அவர் பல வருடம் அருகில் நின்று பார்த்தவர் என்பதையும் சேர்த்துப் படியுங்கள்.

நம் நாட்டு உதாரணம் 2020. ஜனவரி இறுதியில் முதல் கொவிட் நோயாளி அடையாளம் காணப்பட்ட அந்த நாட்களிலேயே, விமான நிலையம் வழியாக வருபவர்களைப் பதிந்து பின்தொடர டிஎச்ஐஎஸ்2 என்ற, சுகாதாரத் தரவு சேர்க்கும் திறந்த மென்பொருளில் ஓர் அமைப்பு இங்கே உருவானது. பிற நாடுகளும் பின்னர் அதை எடுத்துப் பயன்படுத்தின. அத்தனை விரைவு எப்படி வந்தது? கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பட்டப்பின் மருத்துவ நிறுவனத்தில் உயிர்மருத்துவ தகவலியல் படித்த வைத்தியர்கள் பல வருடமாக அதே மென்பொருளில் வேலை செய்து பழகியிருந்தார்கள். நோய் வருமுன்னே ஆட்கள் ஒருவரையொருவர் அறிந்திருந்தார்கள்.

சட்ட விடயங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நோயாளியின் பெயர், கட்டில் இலக்கம், டிக்கெட் இலக்கம், முகம், எக்ஸ்றேயின் மூலையில் அச்சான பெயர், இவை ஒன்றும் கொப்பியிலோ தொலைபேசியிலோ இருக்கக்கூடாது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல்நலத் தரவைத் தனி வகையாகவே வைக்கிறது. நோயாளியிடம் கேள்வி கேட்பதற்கே ஒழுக்கநெறி மீளாய்வுக் குழுவின் அனுமதி வேண்டிவரும். விண்ணப்பத்தைப் பருவத் தொடக்கத்தில் கொடுங்கள், கடைசிக் கிழமையில் ஓடவேண்டாம். மருத்துவ உபகரணம் விற்பனைக்கு வரவேண்டுமானால் 2015இன் 5ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் தேசிய மருந்துகள் ஒழுங்குமுறை அதிகாரசபையில் பதியவேண்டும். சிகிச்சை முறைக்கு ஆக்கவுரிமை கிடையாது, அதற்குப் பயன்படும் கருவிக்குக் கேட்கலாம். போட்டி மேடையில் எல்லாவற்றையும் காட்டுவதற்கு முன்னே புலமைச் சொத்து தெரிந்த ஒருவரிடம் கேட்டுவிடுங்கள். மேடையில் நிற்கும் நாள்தான் பலருக்கு அந்தக் கேள்வி ஞாபகம் வருகிறது.

காசு விடயத்தில், பீடத்தின் மாணவர் சங்க ஒழுங்குக்குள் பதிந்து, ஒரு விரிவுரையாளரைச் சிரேஷ்ட பொருளாளராக வையுங்கள். தனி ஒருவரின் வங்கிக் கணக்கில் ஒரு ரூபாயும் விழக்கூடாது. முதல் வருடச் செலவு கொப்பி, தேநீர், பஸ், சில பாகங்கள். அதற்குப் பெரிய அனுசரணை தேவையில்லை. பெரிய அனுசரணை வந்தால் அனுசரணையாளரின் கருவியைச் சுற்றித்தான் அடுத்த வருடம் கூட்டம் நடக்கும்.

இத்தகைய குழுக்கள் மூன்றாம் வருடத்தில் கலைவதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான். எல்லாம் ஒரு தலைவரின் மடிக்கணினியில் இருக்கும், அவர் உள்ளகப் பயிற்சிக்குப் போய்விடுவார். ஆகவே ஒவ்வொரு பொறுப்புக்கும் இரண்டு பேர், வேறு வேறு பட்ச். கைமாற்றத்துக்கு ஆறு கிழமை; அந்த ஆறு கிழமையும் பழையவரும் புதியவரும் சேர்ந்தே கூட்டம் நடத்தவேண்டும். கைவிட்ட வேலைகளுக்குக் கொப்பியில் தனிப் பகுதி வையுங்கள்: எந்தத் திகதியில் நின்றது, ஏன் நின்றது, யார் சொன்ன எந்தக் குறையால். இல்லாவிட்டால் இதே சேலைன் மணியை நாலு பட்ச் நாலு தடவை செய்யும்.

வெளியே மேசையில் இருபது கொப்பிகள் வைத்திருக்கிறோம். போகும்போது இருவருக்கு ஒன்றாக எடுத்துக்கொள்ளுங்கள், ஆனால் அந்த இருவரும் ஒரே பட்ச் ஆக இருக்கக்கூடாது. அடுத்த கூட்டத்துக்கு வரும்போது மூன்று பக்கமாவது நிரம்பியிருக்கட்டும், மூன்றில் ஒன்று இரவு நேரத்தில் கண்டதாக இருக்கட்டும்.