கடிதம் பெருசா, முகாம் பெருசா? முகாம் அணியில நின்னு நான் பேசினது

நடுவர் அய்யாவுக்கு வணக்கம். எதிரணியில மூணு பேரு, அவங்களுக்கும் வணக்கம். மத்தியான சாப்பாடு முடிஞ்சும் தூங்காம உக்காந்திருக்கீங்க பாருங்க, உங்களுக்கு மட்டும் ரெண்டு வணக்கம்.

லேட்டா வந்தவங்களுக்காக தலைப்பை இன்னொரு தடவை சொல்லிடுறேன். ஸ்லோவாக்கியாவுல பொறந்து, செக்கோஸ்லோவாக்கியாவோட ஐ.நா. தூதரா இருந்து, கடைசி வரைக்கும் அமெரிக்காவுல நாடு இல்லாத தூதரா வாழ்ந்த யான் பாப்பானெக், இவரு வாழ்க்கையில விஞ்சி நிக்கிறது 1948ல ஐ.நா.வுக்கு கொடுத்த கடிதமா, இல்ல அதுக்கப்புறம் அகதிகளுக்காக பார்த்த வேலையா? எனக்கு முன்னாடி பேசின அண்ணன் கடிதம் கடிதம் கடிதம்னு எண்ணி பதினேழு தடவை சொன்னாரு, தபால்காரர் கூட ஒரு நாள்ல அத்தனை தடவை சொல்லமாட்டாரு.

நான் அகதி பக்கம். அண்ணன் விட்டுட்டுப் போன ஒண்ணு ரெண்டை முதல்ல சொல்லிடுறேன், அதுல அவருக்கு சாதகமானதும் இருக்கு, பரவால்ல எடுத்துக்கட்டும்.

யான்னா அந்த ஊர்ல ஜான் மாதிரி ஒரு பேரு. நம்ம பழைய தமிழ்ல யான்னா நான். அந்த 'நான்' இல்லாம வாழ்ந்த மனுஷன்னு ஒரு ஜோக் வச்சிருந்தேன், நடுவர் முகத்தைப் பாத்தா வேணாம்னு தோணுது, விட்டுடுறேன். பொறந்தது 1896 அக்டோபர் 24, பிரெசோவா பொட் பிராட்லோம்ங்கிற ஊர்ல. 'பொட்'னா கீழேன்னு அர்த்தம், பிராட்லோ மலைக்குக் கீழ இருக்கிற பிரெசோவா. தோல் பதனிடுற தொழிலுக்கு பேர் போன சின்ன ஊரு. ஆனா சாதாரண மண்ணு இல்ல, பாரிஸ்ல வருஷக்கணக்கா செக்கோஸ்லோவாக் தூதரா இருந்த ஸ்டெஃபான் ஒசுஸ்கிக்கும் இதே ஊருதான், செக்கோஸ்லோவாக்கியாவை உருவாக்கினவங்கள்ல ஒருத்தரான, 1919ல விமான விபத்துல செத்துப்போன ஸ்டெஃபானிக்கோட சமாதி மேல அந்த மலை உச்சியிலயே இருக்கு. வெளிநாட்டுல போய் நின்னு நாடு கேட்டவங்களா வெளையுற மண்ணு போல. அப்புறம் அந்த அக்டோபர் 24 இருக்கே, 1945ல ஐ.நா. சாசனம் அமலுக்கு வந்ததும் அதே தேதிதான், அன்னைக்கு இவருக்கு 49 வயசு முடியுது. அந்த சாசனத்தை எழுதின சான் பிரான்சிஸ்கோ மாநாட்டுல இவரும் வேலை பார்த்திருக்காரு. எதிரணிக்கு அல்வா மாதிரி பாயிண்ட், அவங்க தொடவே இல்ல, நானே எடுத்துக் கொடுக்குறேன்.

சரி கடிதத்துக்கு வருவோம். நான் அதை கேலி பண்ண வரலை, அது தைரியம்தான், யார் இல்லைன்னா. 1948 பிப்ரவரி 19 சோவியத் துணை வெளியுறவு அமைச்சர் சோரின் பிராக்ல வந்து இறங்குறாரு, 25ஆம் தேதி ஜனாதிபதி பெனெஷ் கம்யூனிஸ்டுங்க கேட்ட மந்திரிசபைக்கு கையெழுத்து போடுறாரு, ஆறே நாள், ஆட்சி கைமாறிடுச்சு. மார்ச் 10 காலையில வெளியுறவு அமைச்சர் யான் மசாரிக் அமைச்சகக் கட்டடமான செர்னின் மாளிகை முற்றத்துல, தன்னோட குளியலறை ஜன்னலுக்கு நேர் கீழ, பைஜாமாவோட செத்துக் கிடக்குறாரு. தள்ளிவிட்டாங்களா தானா குதிச்சாரான்னு இன்னைக்கு வரைக்கும் வாக்குவாதம் ஓடுது. அதே மார்ச் 10, நியூயார்க்ல பாப்பானெக், ஐ.நா. பொதுச்செயலாளர் டிரிக்வே லீ கிட்ட கடிதத்தைக் கொடுக்குறாரு, சோவியத் யூனியன் படைபலத்தைக் காட்டி மிரட்டித்தான் எங்க நாட்டு ஆட்சியை மாத்துச்சு, பாதுகாப்பு சபை விசாரிக்கணும்னு. தன்னோட அமைச்சர் செத்த அன்னைக்கே ஒரு வல்லரசு மேல புகார் எழுதிக் கொடுக்க எவ்ளோ நெஞ்சழுத்தம் வேணும்!

கை தட்டுங்க, தட்டலாம், எங்க அணியும் சேர்ந்தே தட்டும்.

இப்ப அண்ணன் சொல்லாம முழுங்கினதைக் கேளுங்க. அந்தக் கடிதத்தை டிரிக்வே லீ ஏத்துக்கலை. இது ஒரு அரசாங்கத்துக்கிட்ட இருந்து வந்த கடிதம் இல்ல, அதனால சபை முன்னாடி வைக்க முடியாதுன்னுட்டாரு. பிராக்ல உக்காந்திருக்கிறது புது அரசாங்கம், அவங்களுக்கு இவரு ஆளே கிடையாது. நேத்து வரைக்கும் மாண்புமிகு தூதர், இன்னைக்கு எங்கிருந்தோ மனு கொண்டுவந்த ஒரு ஆளு. கலெக்டர் ஆபீஸ் வாசல்ல மஞ்சப்பையும் மனுவுமா நிக்கிறவங்களைப் பாத்திருப்பீங்கல்ல, அந்த நிலைமை, சாசனம் எழுதற வேலையில இருந்தவருக்கே.

அப்புறம் மார்ச் 12ஆம் தேதி சிலி நாடு அதைக் கையில எடுக்குது. பிராக் எங்க இருக்கு, சிலி எங்க இருக்கு! 17ஆம் தேதி பாதுகாப்பு சபை விவாதத்துக்கு எடுத்துக்குது, அந்த மாசமே பாப்பானெக்கைக் கூப்பிட்டு பேசவும் விட்டாங்க, நல்லாவே பேசினாரு. மே 24 ஓட்டெடுப்பு. விசாரிக்க ஒரு துணைக்குழு போடலாமாங்கிறதுதான் தீர்மானம், தண்டனை கூட இல்ல, சும்மா விசாரிக்க! 11 பேர் இருக்கிற சபையில 9 பேர் ஆதரவு, சோவியத்தும் உக்ரைனும் எதிர்ப்பு. ஆனா நிரந்தர உறுப்பினரான சோவியத் ஒண்ணு எதிர்த்தாலே தீர்மானம் காலி, அதுக்குப் பேர்தான் வீட்டோ. இதுல வேடிக்கை என்னன்னா அது ரெண்டு தடவை விழுந்துச்சு. இது வெறும் நடைமுறை விஷயமா இல்லையான்னு முதல்ல ஒரு ஓட்டு, நடைமுறை விஷயம்னு முடிவானா வீட்டோ செல்லாது, அதனால அந்த முடிவையே சோவியத் தூதர் கிரோமிக்கோ வீட்டோ பண்றாரு, பண்ணிட்டு தீர்மானத்தையும் வீட்டோ பண்றாரு. வீட்டைப் பூட்டிட்டு சாவியையும் கெணத்துல போட்ட மாதிரி.

அதுக்கப்புறம் செக்கோஸ்லோவாக்கியா விவகாரம்னு பாதுகாப்பு சபையோட நிலுவைப் பட்டியல்ல பல வருஷம் கிடந்துச்சு அது. அதே பட்டியல்ல இந்தியா பாகிஸ்தான் விவகாரமும் கிடந்துச்சு, ஹைதராபாத் விவகாரமும் கிடந்துச்சு, எல்லாம் அதே 1948ல போய் சேர்ந்ததுங்கதான். நிலுவைப் பட்டியல்னா என்னன்னு நமக்கு யாரும் பாடம் எடுக்க வேணாம்.

எதிரணியில இப்ப ஒரு கேள்வி வரும், நான் இங்கிருந்தே அந்த அம்மா முகத்துல பாக்குறேன். கடிதம் தோத்தாலும் அது தூதர் வேலை, அகதிக்கு உதவுறது சமூக சேவை, அதை ஒரு தூதரோட சாதனையா எப்படி வைப்பீங்கன்னு. நல்ல கேள்விதான். பதிலு பிட்ஸ்பர்க்ல இருக்கு.

ஐ.நா.வுக்கு வர்றதுக்கு முன்னாடி, 1930கள்ல, இவரு அமெரிக்காவுல பிட்ஸ்பர்க் நகரத்துல கான்சலா இருந்தவரு. பிட்ஸ்பர்க் எப்படிப்பட்ட ஊரு, எஃகு ஆலையும் சுத்துவட்டாரத்துல நிலக்கரி சுரங்கமும், அதுல வேர்வை சிந்துறதுக்கு கப்பல் ஏறி வந்த ஸ்லோவாக் குடும்பங்களும் நெறைஞ்ச ஊரு, 1918ல செக்கும் ஸ்லோவாக்கும் ஒரே நாடா இருக்கலாம்னு ஒப்பந்தம் போட்டதே அந்த ஊர்லதான். அங்க கான்சலுக்கு என்ன வேலை? கோட்டு போட்டுக்கிட்டு விருந்துக்குப் போறதா? ஆலையில செத்தவனோட பணத்தை ஊர்ல இருக்கிற பொண்டாட்டிக்கு சேக்குறது, அப்பன் சொத்துல பங்கு கேக்குறவனுக்கு பவர் பத்திரம், பாஸ்போர்ட்டைத் தொலைச்சவனுக்கு காகிதம், பொறந்த புள்ளைக்கு பதிவு. கான்சல் ஆபீஸ்னா அதான்யா. வெளிநாட்டுல வேலை பார்த்து அங்க ஒரு தடவையாவது எம்பசி கவுண்டர் முன்னாடி நின்னவங்க கையைத் தூக்குங்க... பாத்தீங்களா. உங்களுக்கு தூதர்னா யாரு, ஐ.நா.வுல பேசுறவரா, அந்த கண்ணாடிக்குப் பின்னாடி உக்காந்து உங்க காகிதத்தை வாங்குறவரா?

அந்த வேலையைத்தான் அவரு 1948க்கு அப்புறமும் பார்த்தாரு, என்ன, பின்னாடி நாடு இல்ல. நாடு இல்லாம போறது அவருக்குப் புதுசும் இல்லை. 1939 மார்ச் 15 ஹிட்லர் பிராக்குள்ள நுழைஞ்சப்பவே ஒரு தடவை செக்கோஸ்லோவாக்கியா வரைபடத்துல இருந்து காணாம போச்சு, அப்பவும் அமெரிக்காவுல இருந்துக்கிட்டே வெளிநாட்டுல இயங்கின பெனெஷ் அரசாங்கத்துக்காக நியூயார்க்ல தகவல் அலுவலகம் நடத்தினவரு. அதுக்கும் முன்னாடி, முதல் உலகப்போர்ல, ஆஸ்திரியா ஹங்கேரி பட்டாளத்துல கட்டாயமா சேத்துவிட்ட பையன் இத்தாலிக்காரங்க பக்கம் போய் சேந்துக்கிட்டு, இன்னும் பொறக்காத ஒரு நாட்டுக்காக லீஜியன்ல, அதாவது செக்கோஸ்லோவாக் தன்னார்வப் படையில, துப்பாக்கி தூக்கினவரு.

1948லயே அமெரிக்கன் ஃபண்ட் ஃபார் செக்கோஸ்லோவாக் ரெஃப்யூஜீஸ்னு ஒரு அமைப்பு ஆரம்பிக்குது, பாப்பானெக்தான் தலை. அப்ப ஜெர்மனியில என்ன நிலைமைன்னா, எல்லைக் காட்டைத் தாண்டி பவேரியா பக்கம் நடந்தே வந்தவங்க, மாணவனுங்க, வக்கீலுங்க, பட்டாள அதிகாரிங்க, அந்த பிப்ரவரி வரைக்கும் எம்.பி.யா இருந்தவங்க, முகாம்ல கட்டில் மேல கட்டில் போட்டு கிடக்குறாங்க. நியூரம்பர்க் பக்கத்துல வால்கான்னு ஒரு முகாம் பின்னாடி ரொம்ப பேமஸ் ஆச்சு. வால்காங்கிறது லாட்வியா எஸ்தோனியா எல்லையில இருக்கிற ஒரு ஊர் பேரு, முன்னாடி அங்க இருந்த பால்டிக் அகதிங்க வச்சுட்டுப் போனது. அடுத்து வந்தவன் கட்டிலோட சேத்து பேரையும் எடுத்துக்கிட்டான்.

வீட்டோ விழுந்தது மே 24ன்னு சொன்னேனா, அதுக்கு ஒரு மாசம் கழிச்சு ஜூன் 25, அமெரிக்காவுல இடம்பெயர்ந்தோர் சட்டத்துல ட்ரூமன் கையெழுத்து போடுறாரு. அதுல அந்த வருஷம் தப்பி வந்த செக்கோஸ்லோவாக்கியா ஆளுங்களுக்குன்னு ஒதுக்கினது எத்தனை விசா தெரியுமா, 2,000. அதுவும் சும்மா கிடைக்காது. உறுதிக் கடிதம்னு ஒண்ணு வேணும். அமெரிக்காவுல யாராவது கையெழுத்து போடணும், இந்த ஆளுக்கு வேலை இருக்கு, அந்த வேலையால இன்னொருத்தன் வேலை போகலை, தங்க வீடு இருக்கு, அந்த வீட்டுல இருந்து யாரையும் காலி பண்ணலைன்னு. இதை யோசிச்சுப் பாருங்க, போர் முடிஞ்சு பட்டாளத்துக்காரன்லாம் ஊர் திரும்பி அவங்களுக்கே வீடு கிடைக்காம அல்லாடுற நேரம். போதாக்குறைக்கு அந்த சட்டம் பொதுவா முன்னுரிமை கொடுத்தது விவசாய வேலை தெரிஞ்சவனுக்கு, வந்திருக்கிறதோ பிராக் வக்கீலு, அவருக்கு மாடு கறக்கத் தெரியுமா? காசநோய் இருக்கான்னு எக்ஸ்ரே எடுப்பாங்க, நிழல் மாதிரி ஏதாவது தெரிஞ்சா மொத்த குடும்பமும் நிக்கணும்.

அண்ணே, நீங்க கொண்டாடுற கடிதம் ஒண்ணு. நான் சொல்றதும் கடிதம்தான். இதுல சோவியத் பேர் இருக்காது, சாசனத்தோட பிரிவு எண் இருக்காது, ஒரு ஆளு பேரு, வயசு, தொழிலு, எத்தனை புள்ளைங்க, எந்த ஊர்ல எந்த முதலாளி வேலை கொடுக்குறாருன்னு இருக்கும். கிரோமிக்கோ இதை வீட்டோ பண்ண முடியாது! ஒவ்வொரு தாளுக்கும் ஒரு ஆள் கப்பல் ஏறினான்.

இன்னொன்னும் பாருங்க. 1949ல நாடு கடந்த அரசியல்வாதிங்கள்லாம் சேந்து வாஷிங்டன்ல சுதந்திர செக்கோஸ்லோவாக்கியா கவுன்சில் ஆரம்பிச்சாங்க, சீக்கிரமே ரெண்டா உடைஞ்சது, எவன் பெரியவன்னு. ஸ்லோவாக்கியா தனி நாடா இருக்கணும்னு ஒரு கூட்டம் வேற தனியா மோதிக்கிட்டு இருந்துச்சு. கையில நாடு இல்ல, ஆனா மந்திரி பதவிக்கு சண்டை. நமக்கு இது ரொம்ப அந்நியமான விஷயம் இல்லைன்னு நெனைக்கிறேன்... சரி சரி, நடுவர் முறைக்கிறாரு. அந்த நேரத்துல விசா காகிதம் தள்ளிக்கிட்டு இருந்த ஆளு இவரு.

அது ரெண்டு வருஷத்துல முடியலை பாருங்க, அங்கதான் என் கட்சியே நிக்குது. 1968 ஆகஸ்ட் 21 சோவியத் டாங்க் செக்கோஸ்லோவாக்கியாவுக்குள்ள வந்துச்சு, கோடை லீவுக்கு யுகோஸ்லாவியா போயிருந்த குடும்பமெல்லாம் நீச்சல் டிரஸ்ஸும் சூட்கேஸுமா வியன்னாவுல நிக்குது, அப்ப அந்த அமைப்பு இருந்துச்சு. 1975ல சைகான் விழுந்தப்ப வியட்நாம் அகதிகளை அமெரிக்காவுல குடிவைக்க அரசாங்கம் கூப்பிட்ட தன்னார்வ அமைப்புகள்ல இந்த செக்கோஸ்லோவாக் ஃபண்டும் ஒண்ணு. பேர்ப்பலகையில செக்கோஸ்லோவாக், உள்ள வரிசையில நிக்கிறது வியட்நாம்காரன். இது உங்க கடிதத்துல இருந்து வந்ததா அண்ணே? பிட்ஸ்பர்க் கவுண்டர்ல இருந்து வந்தது.

பாப்பானெக் 1991 நவம்பர் 30 நியூயார்க் பக்கத்துல ஸ்கார்ஸ்டேல்ல காலமானாரு, 95 வயசு. கம்யூனிஸ்ட் ஆட்சியைக் கவுத்த 1989 புரட்சியைப் பாத்துட்டுத்தான் போனாரு. எந்த நாட்டுக்காக அவரு கடிதம் எழுதினாரோ அந்த செக்கோஸ்லோவாக்கியா இருக்கே, அது அவருக்கப்புறம் பதிமூணே மாசம் இருந்துச்சு, 1992 டிசம்பர் 31 ராத்திரியோட ரெண்டா பிரிஞ்சு முடிஞ்சது.

மணி அடிச்சுட்டீங்க, உக்காந்துடுறேன். எனக்கு அடுத்து எதிரணியில பேச வர்ற அந்த அம்மாவுக்கு ஒரே ஒரு கேள்வி, கடிதத்தோட பெருமையை எவ்ளோ வேணா பேசுங்க, ஆனா அந்த மே 24 சாயங்காலம் 9க்கு 2ன்னு ஓட்டு எண்ணி முடிச்சு எல்லாரும் கோட்டை மாட்டிக்கிட்டு கெளம்பினப்புறம், பவேரியாவுல முகாம் கட்டில்ல படுத்திருந்த ஒரு ஆளுக்கு அன்னைக்கு ராத்திரி என்ன மாறுச்சுன்னு மட்டும் சொல்லிட்டு உக்காருங்க.