ஓரமாகப் போகச் சொன்னது நான்தான்

(உலக சைக்கிள் தினத்தை ஒட்டி நாகர்கோவிலில் ஒரு வாசகசாலையில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். மழையையும் பொருட்படுத்தாமல் வந்திருக்கிறீர்கள். ஜூன் 3-ஐ உலக சைக்கிள் தினம் என்று ஐ.நா. சபை 2018-ல் அறிவித்தபோது, நம்ம ஊரில் அது சாரல் தொடங்குகிற வாரம் என்று யாரும் அவர்களிடம் சொல்லவில்லை போல. சரி, இருக்கட்டும்.

காஷ்மீரிலிருந்து நம் கன்னியாகுமரிக்குச் சைக்கிளில் வருகிறவர்களை இங்கே எல்லோரும் பார்த்திருப்பீர்கள். 3,000 கிலோமீட்டருக்கு மேல் மிதித்து வந்து, முக்கடல் சங்கமத்தில் சைக்கிளைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டு, அப்புறம் ரயிலில் ஏற்றி அனுப்பிவிட்டுப் போவார்கள். நாடே நம் மாவட்டத்தை நோக்கி மிதித்து வருகிறது. நாமோ முக்குக்கடையில் பால் பாக்கெட் வாங்க ஸ்கூட்டரை உதைக்கிறோம்.

சில வருடங்களுக்கு முன்பு ஒரு விழிப்புணர்வுப் பேரணி நடந்தது. யார் நடத்தியது என்பது வேண்டாம். டி-ஷர்ட், வாழைப்பழம், தண்ணீர் பாட்டில் எல்லாம் உண்டு. கொடியசைக்க வேண்டியவர் ஒரு மணி நேரம் தாமதம். வெயில் ஏறிய பிறகுதான் கிளம்பினோம். வழியில் மீன்பெட்டியைக் கேரியரில் கட்டிக்கொண்டு ஒருவர் மெதுவாக மிதித்துப் போய்க்கொண்டிருந்தார். கடப்புறத்திலிருந்து, அதாவது கடற்கரைப் பக்கமிருந்து வருகிறவர், பெட்டியிலிருந்து ஐஸ் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. பேரணித் தொண்டர் ஒருவர் ஓடிப்போய், "அண்ணே, சைக்கிள் பேரணி வருது, கொஞ்சம் ஓரமாப் போங்க" என்றார். அந்தத் தொண்டர் நான்தான். அவர் ஒன்றும் பேசாமல் மண்ணில் இறங்கி நின்றார்.

நம் மாவட்டத்தில் சைக்கிள் ஓட்டுகிறவர் யார் என்று கேட்டால், ஹெல்மெட் போட்ட நாங்கள் நினைவுக்கு வருகிறோம். குலசேகரம் பக்கம் விடிவதற்கு முன் ரப்பர் பால் வெட்டப் போகிறவர் வருவதில்லை. குளிர் இருக்கும்போதுதான் பால் நன்றாக வடியும், அதனால் இருட்டிலேயே போயாக வேண்டும். அரசு கொடுத்த சைக்கிளில் பிளஸ் ஒன் படிக்கப் போகிற பிள்ளையும் வருவதில்லை. இலவச சைக்கிள் திட்டம் 2001-02-ல் பட்டியல் வகுப்பு, பழங்குடி மாணவிகளுக்காகத் தொடங்கிப் பிறகு விரிந்தது. அதில் ஒரு பகுதியாவது இன்று வீட்டுத் திண்ணையில் காற்று இறங்கி நிற்கிறது. பல சமயம் போனது வால்வு டியூப் ஒன்றுதான். மாற்றித்தர ஊரில் சைக்கிள் கடை இல்லை. மட்கார்டில் நம்பர் எழுதி மணிக்கணக்கில் வாடகைக்கு விட்ட அந்தக் கடைகளில்தான் நாமெல்லாம் குரங்கு பெடல் பழகினோம். கடை போனதும் சைக்கிளும் போயிற்று.

புதுக்கோட்டையை ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள். 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் அங்கே பெண்களுக்கு எழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொடுத்தது. ஷீலா ராணி சுங்கத் அப்போது ஆட்சியர். குவாரியில் கல் உடைத்தவர்கள், அங்கன்வாடிப் பணியாளர்கள் என்று ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் பழகினார்கள். சைக்கிள் வாங்கக் கடனும் ஏற்பாடானது. பெண்கள் சைக்கிள் போதாதபோது ஆண்கள் சைக்கிளையே வாங்கினார்கள். முன்னால் பார் இருக்கிறதே, குழந்தையை உட்கார வைக்கலாம் என்று அதையே விரும்பியவர்களும் உண்டு. நாங்கள் டி-ஷர்ட்டுக்குச் செலவழித்ததை நினைத்தால் இப்போதும் கூச்சமாக இருக்கிறது.

பேரணியே வேண்டாம் என்று சொல்லவில்லை. கூட்டமாகப் போவதில் ஒரு சுகம் இருக்கிறது. கொலம்பியாவின் போகோட்டா நகரத்தில் 1974-லிருந்து ஞாயிறுதோறும் பெரிய சாலைகளை மோட்டார் வண்டிகளுக்கு மூடி மக்களிடம் விட்டுவிடுகிறார்கள். இன்று அது 120 கிலோமீட்டருக்கு மேல் நீள்கிறது. நமக்கு அவ்வளவு தேவையில்லை. நாங்கள் இப்போது பத்துப் பேர் தேரூர் குளத்தைச் சுற்றிப் போகிறோம். சுசீந்திரம், தேரூர் ஈரநிலம் 2022-ல், உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களைச் சேர்க்கும் ராம்சார் பட்டியலில் சேர்ந்ததே, அதே குளம்தான். எங்களுக்கு ஒரே ஒரு சட்டம்: கடைசியில் வருகிறவரின் வேகம்தான் எல்லோருடைய வேகமும். பம்ப்பும் பஞ்சர் ஒட்டும் பசையும் வைத்திருக்கிறவர் அவரோடு வருவார்.

இந்த மாதங்களில் ஆரல்வாய்மொழிப் பக்கம் புது ஆட்களைக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். போகும்போது மேற்கிலிருந்து அடிக்கும் மேல்காற்று முதுகில் தள்ளும், நாமே பெரிய வீரர் என்று தோன்றும். திரும்பும்போது அதே காற்று நெஞ்சில் கை வைத்து நிறுத்தும். காற்றாலைகளை அந்தக் கணவாயில் சும்மாவா நட்டார்கள்?

இனி சாலை. தனிப்பாதை போடுங்கள் என்று கேட்பது எளிது. ஆனால் 2011 கணக்கெடுப்பிலேயே இங்கே ஒரு சதுர கிலோமீட்டருக்கு 1,100 பேருக்கு மேல். வீட்டு நடைக்கும் தாருக்கும் நடுவே இடம் எங்கே இருக்கிறது? நான் கேட்பது சின்ன விஷயம். தாருக்கு மேல் தார் போட்டுப் போட்டு, சாலை விளிம்புக்கும் மண்ணுக்கும் நடுவே பல இடங்களில் ஒரு சாண் பள்ளம். பின்னால் பஸ் ஹாரன் அடித்ததும் சைக்கிள்காரர் ஒதுங்குவார், சக்கரம் அந்த விளிம்பில் சறுக்கும், ஆள் கீழே. அந்தப் பள்ளத்தைச் சரளை மண்ணால் சமமாக நிரப்பிக் கெட்டித்தால் போதும். யாரிடம் கேட்பது என்று முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். ஊருக்குள் பஞ்சாயத்துச் சாலை, தாண்டினால் நெடுஞ்சாலைத் துறை, அதையும் தாண்டினால் தேசிய நெடுஞ்சாலை. ஒரு துறைக்குப் போக வேண்டிய மனுவை இன்னொரு துறைக்கு அனுப்பினால் அது அலைந்தே ஓய்ந்துவிடும். நான் அப்படி ஒரு வருடம் அலைந்தவன்.

மனுவில் 'பொதுமக்கள் சிரமப்படுகிறார்கள்' என்று எழுதிப் பயனில்லை. எண்ணிக்கை வேண்டும். காலை 5 மணி முதல் 8 மணி வரை உங்கள் முக்கில் உட்கார்ந்து போகிற சைக்கிள்களை எண்ணுங்கள். மீன் எத்தனை, பள்ளிப்பிள்ளை எத்தனை, பின்னால் வெளிச்சம் பட்டால் மின்னும் சிவப்பு வில்லை இல்லாதது எத்தனை என்று தனித்தனியாகக் குறியுங்கள். நவம்பர் 1 நமக்குத் தாய்த் தமிழகத்தோடு இணைந்த நாள். உள்ளாட்சி தினம் என்று அன்றைக்குக் கிராம சபையும் கூடுகிறது. அந்த நோட்டைக் கொண்டுபோய் வைத்துத் தீர்மானம் கேட்போம்.

வருகிற திங்கட்கிழமை நாங்கள் தொடங்குகிறோம். பேனா வேண்டாம், மழையில் மை கலங்கிவிடும். பென்சில் கொண்டுவாருங்கள். சைக்கிள் இல்லாதவர்களும் வரலாம், எண்ணத்தானே போகிறோம். அந்த மீன்கார அண்ணன் அந்த வழியில்தான் இன்னும் வருகிறார். முதல் கோடு அவருக்கு.