சுங்கான் பிடிக்க ஆசையா? புகையை உள்ளே இழுக்காவிட்டாலும் நடப்பது இதுதான்

(காட்சி: மேசை மேல் ஒரு மரச் சுங்கான், அதாவது பைப். பக்கத்தில் புகையிலை டப்பா, தீப்பெட்டி.)

வணக்கம். வேலூர், காட்பாடி பக்கம் கல்லூரிப் பிள்ளைகளிடம் பேசினால் ஒரு கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது. "பைப் பிடிச்சா புகை நுரையீரலுக்குப் போகாதாமே, சிகரெட்டை விட்டுட்டு அதுக்கு மாறிடலாமா?" நியாயமான கேள்வி. ஒரு வரியில் பதில் சொன்னால் நம்பமாட்டீர்கள். அதனால் பைப் எப்படி வேலை செய்கிறது என்று முதலில் பார்ப்போம்.

(காட்சி: சுங்கானைக் கழற்றி மூன்று பகுதிகளாக வைக்கிறோம்.)

புகையிலை எரிகிற இடம் கிண்ணம். அதிலிருந்து புகை வரும் குழாய், தண்டு. வாயில் வைப்பது வாய்ப்பிடி. இந்தக் கிண்ணம் பிரையர் என்ற மரம். மத்தியதரைக் கடல் ஓரம் வளரும் எரிகா அர்போரியா என்ற செடியில், வேரும் தண்டும் சேரும் இடத்தில் முண்டு முண்டாகப் புடைத்திருக்கும். அதை வெட்டி, தண்ணீரில் மணிக்கணக்காகக் கொதிக்க வைத்து, மாதக்கணக்கில் காயப்போட்டுத்தான் கடைசலுக்குக் கொண்டுபோவார்கள். உள்ளே நெருப்பு இருந்தாலும் சீக்கிரம் கருகாது. அதனால்தான் 19ஆம் நூற்றாண்டின் நடுவில் பிரான்ஸ் நாட்டின் சான் குளோட் ஊரில் இந்தத் தொழில் பெரிதாகி, களிமண் பைப்புகளை ஓரம் கட்டியது. அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில் மக்காச்சோளத் தக்கையிலும் பைப் செய்கிறார்கள். விலை குறைவு என்பதால் புதிதாகத் தொடங்குபவர்கள் கையில் பெரும்பாலும் அதுதான் இருக்கும்.

(காட்சி: மூன்று வகைப் புகையிலை, தட்டில்.)

இப்போது புகையிலை. இந்த மஞ்சள் நிறம் வர்ஜீனியா. நமக்குத் தொலைவில் இல்லை, ஆந்திராவின் பிரகாசம், நெல்லூர் மாவட்டங்களிலேயே விளைகிறது. சூடான கொட்டகையில் வேகமாகப் பதப்படுத்துவதால் இலையிலுள்ள சர்க்கரை அப்படியே தங்கிவிடும். இந்தப் பழுப்பு நிறம் பர்லி. நிழலில் காற்றோட்டமாக வாரக்கணக்கில் தொங்கவிட்டுக் காயவைப்பது, அதனால் சர்க்கரை அநேகமாக இருக்காது. கறுப்பாக இருப்பது லட்டாக்கியா, விறகுப் புகையில் வாட்டியது. வர்ஜீனியாவில் சர்க்கரை உண்டு, பர்லியில் இல்லை. இதை மட்டும் நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

இலையின் ஈரமும் முக்கியம். அதிகமாகக் காய்ந்தால் சட்டென எரிந்து வாயைச் சுடும். ஈரம் மிகுந்தால் பற்றாது, கிண்ணத்தின் அடியில் கசப்பான நீர் தேங்கி களகளவென்று சத்தம் வரும். வேலூர் சித்திரை வெயிலில் டப்பாவைத் திறந்து வைத்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. இலையின் ஈரம் தெரிந்தவர்கள் நம் ஊரிலேயே இருக்கிறார்கள். குடியாத்தம், பேரணாம்பட்டு, வேலூர் தெருக்களில் மடியில் முறம் வைத்துப் பீடி சுற்றும் பெண்களைக் கவனியுங்கள். பீடி சுற்றும் இலையை நனைத்துப் பதமாக்கித்தான் கத்தரியால் வெட்டுவார்கள். காய்ந்த இலை மடிக்கும்போது கீறிவிடும் என்று அவர்கள் விரலுக்குத் தெரியும். அந்தப் பெண்களைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டியிருக்கிறது, கொஞ்சம் பொறுங்கள்.

(காட்சி: கிண்ணத்தில் புகையிலை நிரப்புவது, மிக அருகில்.)

கிண்ணத்தில் ஒரேயடியாக அடைக்கக் கூடாது. அடியில் லேசாகத் தூவி, நடுவில் கொஞ்சம் அழுத்தி, மேலே இன்னும் கொஞ்சம் இறுக்கி, மூன்று தடவையாக நிரப்புவார்கள். விறகை நெருக்கி அடைத்த அடுப்பு மாதிரி, இறுக்கினால் காற்று போகாது. அப்புறம் தீக்குச்சியை வட்டமாகச் சுற்றிக் காட்டி, மெதுவாக இழுக்க வேண்டும். மேல்பரப்பு கருகிப் பொங்கி எழும், பிறகு அணைந்துவிடும். பயப்பட வேண்டாம், அப்படித்தான் நடக்கும். அதை லேசாகத் தட்டிச் சமன் செய்து மறுபடி பற்றவைப்பார்கள். இரண்டாவது நெருப்புத்தான் நிற்கும்.

புதிதாகத் தொடங்குபவர் அணைந்துவிடுமோ என்று வேகவேகமாக இழுப்பார். கிண்ணம் கையில் பிடிக்க முடியாத அளவுக்குச் சுடும். நாக்கு நுனியில் மிளகாய் பட்டது போன்ற எரிச்சல் வரும், மறுநாளும் சாப்பாட்டு ருசி தெரியாது. சூடான நீராவியும் புகையின் காரத்தன்மையும் (மிளகாய்க் காரம் இல்லை, சுண்ணாம்பில் இருப்பது போல அமிலத்துக்கு எதிரான தன்மை) சேர்ந்து நாக்கைத் தாக்குவதால் வருவது இது. "பழகப் பழகச் சரியாயிடும்" என்று அனுபவஸ்தர்கள் சொல்வார்கள். மெதுவாக இழுக்கப் பழகினால் எரிச்சல் குறையும், உண்மைதான். ஆனால் எரிச்சல் குறைந்தால் கெடுதலும் குறைந்துவிட்டது என்று நினைப்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

(காட்சி: வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, போயிலை.)

ஏன் என்று சொல்கிறேன். வெற்றிலையோடு போயிலை போடும் பாட்டிகள் வீட்டுக்கு வீடு உண்டு. அவர்கள் வாயிலிருந்து புகை வருவதே இல்லை. ஆனாலும் ஒரு நாள் போயிலை இல்லாவிட்டால் தவித்துப் போகிறார்கள். போயிலையில் உள்ள நிகோடின் வாயின் உள்தோல் வழியாகவே ரத்தத்துக்குப் போய்விடுகிறது. அதற்கு வாயில் காரத்தன்மை இருந்தால் போதும், வெற்றிலையில் தடவும் சுண்ணாம்பு அந்த வேலையைச் செய்கிறது.

இப்போது பர்லிக்கு வருவோம். சர்க்கரை இல்லாத இலையை எரித்தால் புகை காரத்தன்மையோடு வரும். பைப்பிலும் சுருட்டிலும் இந்த வகை இலை நிறையச் சேர்கிறது. காரப் புகை வாயில் நின்றாலே நிகோடின் உள்ளே இறங்கும். சர்க்கரை உள்ள வர்ஜீனியாவின் புகையோ அமிலம். சிகரெட்டில் அது அதிகம், அதனால் நிகோடின் கிடைக்க நுரையீரல் வரை இழுத்தாக வேண்டும். சிகரெட்டை விட்டுப் பைப்புக்கு மாறுபவர்கள் பழைய பழக்கத்தில் பைப் புகையையும் உள்ளே இழுக்கிறார்கள். அவர்களுக்கு வாயும் போகிறது, நுரையீரலும் போகிறது.

பீடி சுற்றும் பெண்களைப் பற்றிச் சொல்ல வந்தது இதுதான். புகைக்கவே புகைக்காமல், புகையிலைத் தூளைத் தொட்டும் தூசியைச் சுவாசித்தும் வேலை செய்பவர்களின் சிறுநீரில் கோட்டினின் இருப்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. நிகோடின் உடலுக்குள் போய் உடைந்தால் உண்டாவது கோட்டினின். கூலிக்காக அந்தத் தூளோடு உட்காருபவர்களுக்கே இப்படி என்றால், ஆசைக்காக வாயில் வைத்துக்கொள்வதை லேசாக எடுத்துக்கொள்ள எனக்கு மனசு வரவில்லை.

(காட்சி: உதடு, நாக்கு, கன்னத்தின் உட்புறம், வரைபடம்.)

நிகோடின் அடிமைப்படுத்தும். புற்றுநோயை உண்டாக்குவது புகையில் உள்ள மற்ற நச்சுகள். 1964இல் அமெரிக்கத் தலைமை மருத்துவரின் அறிக்கை சிகரெட்டை நுரையீரல் புற்றுநோயோடு சேர்த்ததை எல்லோரும் சொல்வார்கள். பைப் பிடிப்பது உதட்டுப் புற்றுநோய்க்குக் காரணம் என்றும் அதே அறிக்கை சொன்னது. அதைப் பலர் சொல்வதில்லை. வாய், தொண்டை, உணவுக்குழாய், குரல்வளை எல்லாமே புகை படும் வழியில் இருக்கின்றன.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். 2003ஆம் ஆண்டுப் புகையிலைச் சட்டம் "புகைப்பது" என்பதில் பைப்பையும் சேர்த்தே சொல்கிறது. பொது இடத்தில் பிடித்தால் 200 ரூபாய் வரை அபராதம், கல்லூரி வளாகமும் பொது இடம்தான். 18 வயது ஆகாதவருக்கு விற்கவும் கூடாது.

சரி, ஏற்கெனவே பிடித்துக்கொண்டிருப்பவர்களுக்கு. கண்ணாடி முன் நின்று உதட்டைப் புரட்டி, நாக்கைத் தூக்கி, கன்னத்தின் உட்புறத்தைப் பாருங்கள். துடைத்தாலும் போகாத வெள்ளைப் படலம், சிவந்த திட்டு, இரண்டு வாரமாகியும் ஆறாத புண், இவற்றில் எது இருந்தாலும் வலிக்கும் வரை காத்திருக்காதீர்கள். ஆரம்பத்தில் இவை பெரும்பாலும் வலிப்பதில்லை. பல் மருத்துவரிடம் காட்டுங்கள், பைப் பிடிப்பதை மறைக்காமல் சொல்லுங்கள். அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கும் போகலாம். விட நினைப்பவர்களுக்கு 1800-11-2356 என்ற தேசிய உதவி எண் இருக்கிறது, கட்டணம் கிடையாது. பைப்புக்கும் சேர்த்துத்தான் அந்த எண். "சிகரெட் இல்லையே, நமக்கு எதுக்கு" என்று தயங்காமல் கூப்பிடுங்கள்.