இருபது வருடம் ஒரே எஸ்டேட்டில் இருப்பவர் விசுவாசியா, மாட்டிக்கொண்டவரா?

வணக்கம். கோத்தகிரிப் பக்கத்திலோ கூடலூர்ப் பக்கத்திலோ ஒரு தேயிலை எஸ்டேட்டில் இருபது வருடமாக வேலை செய்யும் ஒருவரைக் காட்டி, "இவருக்கு எங்கள் மீது எவ்வளவு பற்று பாருங்கள்" என்று நிர்வாகம் பெருமைப்பட்டால், அந்தப் பெருமையை அப்படியே நம்பிவிட வேண்டாம் என்று சொல்லத்தான் இந்த வீடியோ.

பின்னணியை ஒரே மூச்சில் முடித்துவிடுகிறேன். ஜான் மேயர், நடாலி ஆலன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1991இல் சொன்னபடி, ஒருவர் நிறுவனத்தை விட்டுப் போகாமல் இருப்பதற்கு மூன்று காரணங்கள் உண்டு: அங்கே இருக்கப் பிடித்திருக்கிறது, போனால் நட்டம், போவது முறையல்ல என்ற கடமையுணர்வு.

(திரையில்: மலைச்சரிவில் லைன் வீடுகள்)

நம் மலையில் இரண்டாவது காரணம்தான் கண்ணை மறைக்கிறது. வீடு எஸ்டேட்டுடையது, வேலையை விட்டால் வீட்டையும் விட வேண்டும். பிள்ளையின் பள்ளிக்கூடம், பணிக்கொடை, அக்கம்பக்கத்து உறவு எல்லாமே அந்தச் சாவியோடு சேர்ந்திருக்கும்போது, ஒருவர் போகாமல் இருப்பதைப் பற்று என்று எப்படிச் சொல்வது?

பிடித்திருப்பதால் இருப்பவரை எது உருவாக்குகிறது? பல காரணங்கள் உண்டு. அவற்றில் மேலாளர் மீதான நம்பிக்கை முக்கியமானது. ரோஜர் மேயர் (இவர் வேறு மேயர், குழம்ப வேண்டாம்), ஜேம்ஸ் டேவிஸ், டேவிட் ஸ்கூர்மன் ஆகியோர் 1995இல் அந்த நம்பிக்கையைத் திறமை, நல்லெண்ணம், நேர்மை என்று பிரித்தார்கள். இந்த மூன்றையும் ஒரே இடத்தில் பார்க்க வேண்டுமானால், இலை எடை போடும் இடத்துக்கு வாருங்கள்.

(திரையில்: தொங்கும் தராசு, வரிசையில் பெண்கள்)

மழை நாள். பறித்த இலையில் ஈரம் இருப்பதால், சாக்கின் எடையோடு தண்ணீருக்கும் சேர்த்துக் கழிவு பிடிக்கிறார்கள். கழிவு பிடிப்பதில் தவறில்லை. ஈர இலையை அப்படியே எடை போட்டால் தொழிற்சாலைக்குக் கணக்கு இடிக்கும். ஆனால் எத்தனை கிலோ கழிக்கப்படுகிறது என்பதை யார் முடிவு செய்கிறார், அது காலையிலேயே சொல்லப்பட்டதா, முன்னால் நிற்பவருக்கும் கடைசியில் நிற்பவருக்கும் ஒரே அளவுதானா, தராசின் எண் பறித்தவரின் கண்ணுக்குத் தெரியும்படி வைக்கப்பட்டிருக்கிறதா? இந்தக் கேள்விகளுக்கான விடையில்தான் அந்த மேலாளரின் நேர்மை இருக்கிறது. கூடுதலாகப் பறிக்கும் கிலோவுக்குத் தனிக்காசு உண்டென்றால், பிடிக்கப்படும் ஒவ்வொரு கிலோவும் அந்த அம்மாவின் மளிகைக் கணக்கில் போய் விழுகிறது. முற்றிய இலை எது, கொழுந்து எது என்று பார்த்தவுடன் சொல்லத் தெரிந்தால் அது திறமை. காட்டில் யானை நிற்கிறது என்று செய்தி வந்தவுடன், அன்றைய இலைக் கணக்கைப் பார்க்காமல் ஆட்களை மேலே வரச் சொன்னால் அது நல்லெண்ணம். என்னைக் கேட்டால், ஆண்டு விழாவில் பொன்னாடை போர்த்துவதைவிடத் தராசைத் திருப்பி வைப்பது பெரிய மரியாதை, செலவும் குறைவு.

இதற்கு எண்ணும் உண்டு. கர்ட் டர்க்ஸ், டொனால்ட் ஃபெரின் இருவரும் பல ஆய்வுகளைத் தொகுத்து 2002இல் வெளியிட்ட கட்டுரையில், தலைமை மீதான நம்பிக்கைக்கும் நிறுவனப் பற்றுக்கும் உள்ள தொடர்பு 0.49 என்று வந்தது. தொடர்பே இல்லையென்றால் 0, முழுத் தொடர்பென்றால் 1. மனித மனத்தை அளக்கும் ஆய்வில் இது பெரிய எண். ஆனால் நம்பிக்கைதான் பற்றை உண்டாக்கியது என்று இந்த எண் மட்டும் நிரூபிக்காது. நிறுவனத்தைப் பிடித்தவர் மேலாளரையும் எளிதில் நம்பலாம்.

எனக்கு மிகவும் பிடித்தது அதே கட்டுரையின் இன்னொரு முடிவு. நேரடி மேலாளர் மீதான நம்பிக்கை, வேலையை ஒருவர் எப்படிச் செய்கிறார் என்பதோடு அதிகம் சேர்கிறது. நிறுவனத்தின் மீதான பற்றோ மேல்மட்டத் தலைமை மீதான நம்பிக்கையோடு அதிகம் சேர்கிறது. அதாவது, தோட்டத்துத் துரை தங்கமானவராக இருந்து இலை நன்றாக வரலாம். ஆனால் தலைமை அலுவலகம் பி.எஃப். பணத்தை ஒழுங்காகக் கட்டாவிட்டால், அந்தத் துரை மாற்றலாகிப் போகும் நாளில் அவர் சம்பாதித்த நம்பிக்கையும் அவரோடு ஜீப்பில் ஏறிவிடும்.

உங்கள் இடத்தில் புதிதாக வந்த மேலாளர் முதல் மாதத்தில் எதை மாற்றினார், யாரிடம் சொல்லிவிட்டு மாற்றினார் என்று கீழே எழுதுங்கள். எஸ்டேட்டின் பெயரை மட்டும் எழுத வேண்டாம். அவர்களும் இந்த வீடியோவைப் பார்ப்பார்கள்.