சாகப்போற கோழி

நேயர்களுக்கு வணக்கம்.

பென்னாகரம் பக்கம் ஒரு வீட்டுக்குக் கால்நடை வைத்தியம் பார்க்கப் போயிருந்தேன். மூன்று நாட்டுக்கோழிகள் கொண்டை கறுத்து, கழுத்தைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தன. நான் பையைத் திறப்பதற்குள் அந்த வீட்டுப் பாட்டி அருவாமனையோடு வந்துவிட்டார். "செத்த கோழியைத்தான் திங்கக்கூடாது சாமி, சாகப்போறதை அறுத்தா என்ன?"

பாட்டி சொன்னதில் பாதி நியாயம் உண்டு. வந்திருப்பது பறவைக் காய்ச்சலாகவே இருந்தாலும், அந்த வைரஸ் 70 டிகிரி செல்சியஸுக்கு மேல் தாங்காது. கறி உள்ளே சிவப்பு இல்லாமல் வெந்துவிட்டால் குழம்பைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை. பயப்பட வேண்டியது அதற்கு முந்தைய அரைமணி நேரத்துக்கு. அறுக்கும்போது ரத்தம் தெறிக்கிறது, இறகு பிடுங்கும்போது தூசி பறக்கிறது, குடலை எடுக்கும்போது எச்சம் கையில் ஒட்டுகிறது. அதே கையால் கண்ணைத் தேய்க்கிறோம், மூக்கைத் துடைக்கிறோம்.

இந்த வைரஸ் மனிதருக்கு அவ்வளவு சுலபமாக ஒட்டுவதில்லை. அது பற்றிக்கொள்ளத் தேவையான பிடி நம் மூக்கிலும் தொண்டையிலும் குறைவு, நுரையீரலின் அடியில்தான் அதிகம். அதனால் தொற்று அபூர்வம். ஆனால் அடிவரை இறங்கிவிட்டால் கடுமையான நிமோனியா. 1997இல் ஹாங்காங்கில் முதன்முதலாக எச்5என்1 என்ற பறவைக் காய்ச்சல் வைரஸ் மனிதரிடம் தெரிந்தபோது 18 பேருக்கு வந்தது, 6 பேர் இறந்தார்கள். 2003க்குப் பிறகு உலகில் உறுதியான நோயாளிகளில் ஏறக்குறைய பாதிப்பேர் பிழைக்கவில்லை. ரொம்பத் தூரம் போக வேண்டாம். 2025 மார்ச்சில் ஆந்திராவின் பல்நாடு மாவட்டத்தில் 2 வயதுக் குழந்தை ஒன்று இதில் இறந்தது. கோழி அறுத்தபோது ஒரு துண்டு பச்சைக்கறியைக் கையில் கொடுத்ததாக வீட்டார் சொன்னார்கள். நம் பக்கம் பண்டிகைக்குக் கோழி அறுக்கிற இடத்தில் பிள்ளைகள்தானே முதலில் கூடுகிறார்கள்? தள்ளி நிற்கச் சொல்லுங்கள்.

கோழி செத்தாலே நாம் அது வெள்ளைக்கழிச்சல் என்கிற வேறொரு கோழி நோய் என்று சொல்லிவிடுகிறோம். பல நேரம் அது சரிதான். ஆனால் வெறும் கண்ணால் பார்த்து இரண்டையும் பிரிக்க என்னாலேயே முடியாது. பறவைக் காய்ச்சலை உறுதி செய்ய மாதிரி போபால் ஆய்வகம் வரை போக வேண்டும். ஆகவே ஒரே நாளில் நாலைந்து கோழி விழுந்தால், ஏரிக்கரையில் நாரையோ காக்கையோ கூட்டமாகச் செத்துக் கிடந்தால், பக்கத்துக் கால்நடை மருந்தகத்துக்குச் சொல்லுங்கள், இல்லையென்றால் 1962 என்ற கால்நடை உதவி எண்ணுக்குப் போன் போடுங்கள். சொன்னால் எல்லாக் கோழியையும் அழித்துவிடுவார்கள் என்ற பயம் எனக்குப் புரிகிறது. நோய் உறுதியானால் சுற்று வட்டாரத்துக் கோழிகளை அழிப்பது உண்மைதான், அதற்கு இழப்பீடும் உண்டு. ஆனால் நோயுள்ள கோழியை அவசர அவசரமாகச் சந்தைக்குக் கொண்டுபோய்த் தள்ளிவிடுகிறவர்களை மட்டும் என்னால் மன்னிக்க முடிவதில்லை. அந்தக் கூடை நாலு ஊருக்கு நோயைக் கொண்டுபோகும்.

செத்ததை வெறுங்கையால் தூக்காதீர்கள். கையுறை இல்லாவிட்டால் கேரி பையைக் கையில் மாட்டிக்கொள்ளுங்கள், மூக்கையும் வாயையும் துண்டால் கட்டிக்கொள்ளுங்கள். கிணற்றிலோ ஏரியிலோ வீசாமல் ஆழக் குழி தோண்டி, சுண்ணாம்பு தூவி மூடுங்கள். மேலாகப் புதைத்தால் நாய் கிளறிவிடும். அப்புறம் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். அதற்குப் பிறகு பத்து நாளுக்குள் காய்ச்சல், இருமல், மூச்சிரைப்பு வந்தால் கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு காத்திருக்க வேண்டாம். டாக்டரிடம் போய், "செத்த கோழியைத் தொட்டேன்" என்று முதலில் சொல்லுங்கள். அவர் கேட்க மாட்டார், அவருக்கு எப்படித் தெரியும்? ஓசல்டாமிவிர் என்ற மருந்து இருக்கிறது, முதல் இரண்டு நாளுக்குள் தொடங்கினால்தான் அதன் முழுப் பலன்.

அரைவேக்காட்டு முட்டையையும் கொஞ்ச நாள் தள்ளி வையுங்கள். அமெரிக்காவில் 2024இல் கறவை மாடுகளுக்கே இந்த வைரஸ் வந்து பாலிலும் தெரிந்தது. நாம் பாலைக் காய்ச்சாமல் குடிப்பதில்லை, நல்ல வேளை.

அந்தப் பாட்டியின் மூன்று கோழிகளும் சாயங்காலத்துக்குள் செத்தன. மாதிரி எடுத்துக்கொண்டு குழி வெட்டி மூடினோம். பிறகு பார்த்தால் வெள்ளைக்கழிச்சல்தான். பாட்டி விடவில்லை. இன்னமும் எங்கே பார்த்தாலும், "மூணு கோழிக் குழம்பு பாக்கி இருக்குது சாமி" என்கிறார்.

வணக்கம்.