தகடு எந்தத் திசை பார்க்க வேண்டும்?

மொரீசியஸ் வானொலி நேயர்களுக்கு வணக்கம். பொறியியல் மாணவர்களுக்குச் சூரிய மின்சாரம் கற்பிப்பவன் என்பதால் என்னைப் பேச அழைத்திருக்கிறார்கள். சூத்திரங்கள் இருக்கட்டும், மொட்டைமாடிக்கு ஏறுவோம்.

எங்கள் பாடநூல்களில் பல ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் எழுதப்பட்டவை. சூரிய மின்தகட்டைத் தெற்கு நோக்கிச் சாய்த்து வை என்பார்கள். அவர்கள் ஊருக்கு அது சரி. நாமோ பூமத்திய ரேகைக்குத் தெற்கே 20 பாகையில் இருக்கிறோம். நம் தகடு வடக்கு பார்க்க வேண்டும். வாயால் சொன்னால் மாணவர் எழுதிக்கொள்வார், தேர்வு முடிந்ததும் மறந்துவிடுவார். ஒரு கோலையும் சாக்பீஸையும் கையில் கொடுத்தால் மறக்கமாட்டார்.

ஜூன் நண்பகலில் கோலின் நிழல் தெற்கே நீண்டு கிடக்கும். ஜனவரி 20-ஐ ஒட்டி, காவடிக்கு வீடுகள் தயாராகும் நாட்களில், அதே நிழல் கோலின் அடியிலேயே ஒடுங்கிவிடும். அதுவும் கடிகாரம் பன்னிரண்டு அடிக்கும்போது அல்ல, ஏறத்தாழ 12.20-க்கு. நம் கடிகாரம் 60 பாகைத் தீர்க்கரேகையின் நேரத்தைக் காட்டுகிறது, தீவோ 57.5 பாகையில் இருக்கிறது. பத்து நிமிடம் அங்கே போயிற்று. மீதியை பூமியின் அச்சுச் சாய்வும் நீள்வட்டப் பாதையும் எடுத்துக்கொள்கின்றன. டிசம்பர் கடைசியில் நிழல் சற்றே வடக்கே சாயும்போது, 'அப்படியானால் தகட்டைத் திருப்ப வேண்டுமா?' என்று கேள்வி வரும். அந்தக் கேள்வி வந்துவிட்டால் ஆசிரியருக்குப் பாதி வேலை முடிந்தது. சூரியன் அப்போது ஏறக்குறைய உச்சியில் இருப்பதால் திருப்பத் தேவையில்லை. மாணவர்களே கணக்குப் போட்டுப் பார்க்கட்டும்.

பிறகு ஒரு சிறு தகட்டையும் மின்சாரத்தை அளக்கும் மல்டிமீட்டரையும் எடுத்துக்கொண்டு கடலோரத்துப் போர்ட் லூயிஸுக்கும் மேட்டுநிலத்துக் கியூர்பிப்புக்கும் போகச் சொல்வேன். கியூர்பிப்பில் தென்கிழக்குக் காற்று கொண்டுவரும் மேகம். போர்ட் லூயிஸில் வெயில், கூடவே சூடு. தகட்டில் அச்சிட்ட வாட் அளவு 25 செல்சியஸில் எடுத்தது. கான்கிரீட் தளத்தின் மேல் அது 60 செல்சியஸுக்கு ஏறினால் எட்டில் ஒரு பங்கு போய்விடும். வெயில் கூடினால் மின்சாரமும் அதே கணக்கில் கூடும் என்று நம்பி வந்தவர்கள் முகம் சுளிப்பார்கள்.

இனி புயல். 1960-இல் கரோல் புயல் குடிசைகளையும் தகர வீடுகளையும் வாரிக்கொண்டு போன பிறகுதான் கான்கிரீட் வீடுகள் இங்கே பெருகின. 2024 ஜனவரியில் பெலால் வந்தது. பாடநூல் கேட்கும் 20 பாகைச் சாய்வைப் பாதியாக்கினால் ஆண்டு விளைச்சலில் இழப்பு சொற்பம். தகட்டைத் தூக்கப் பார்க்கும் காற்றின் விசையோ நன்றாகக் குறையும். ஆனால் தளத்தில் துளையிட்டால் மழைநீர் கசியும், கல்லை வைத்து அழுத்தினால் தளத்தின் மேல் பாரம். கடலோரத்தில் உப்புக்காற்று மட்டமான போல்ட்டை அரித்துவிடும். எதை விட்டு எதைப் பிடிப்பது என்பதுதான் பொறியியல். அது எந்த அட்டவணையிலும் இல்லை.

நேயர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். மின்கம்பி அறுந்து தெருவே இருண்டால், கூரையில் தகடு இருக்கிறதே என்று நம்பியிருக்காதீர்கள். தகட்டின் மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும் கருவியான இன்வெர்ட்டர், பேட்டரி இல்லாத சாதாரண வகையென்றால், தானாகவே நின்றுவிடும். தகட்டின் மின்சாரம் தெருக்கம்பியில் பாய்ந்துவிடாதபடி, கம்பியைச் சரிசெய்ய ஏறுபவரின் உயிருக்காக அப்படி வைத்திருக்கிறார்கள். பேட்டரி வாங்குபவரோ, அது தேய்ந்தபின் இந்தச் சின்னத் தீவில் எங்கே போகும் என்பதையும் விற்பவரிடமே கேட்டுவிட வேண்டும்.

கடைசிப் பயிற்சியாக, தங்கள் தெருவில் ஒரு வீட்டுக்கு வரைபடம் போடச் சொல்வேன். தண்ணீர்த் தொட்டியையும் துணிக்கொடியையும் அளந்துவிடுவார்கள். தளத்தின் ஓரத்தில் துருப்பிடித்து நிற்கும் கம்பிகளைச் சிலர் கவனிக்கமாட்டார்கள். மகனுக்கு என்று மேல்மாடி கட்ட அந்த வீட்டார் விட்டுவைத்த கம்பிகள் அவை. ஆகவே, மாடி எப்போது எழும் என்று வீட்டுக்கார அம்மாவிடம் கேட்காமல் கொண்டுவரும் வரைபடத்தை நான் திருப்பி அனுப்பிவிடுகிறேன்.