பொன்னிக்கு ஜாக்லைன் போட்டாச்சு: ஒத்த ஆளா நட்டு முடுக்குன கதை

வணக்கம் மக்களே! காத்துச் சத்தம் கேக்குதா? மைக்குக்குப் பஞ்சு உறை மாட்டிட்டேன், இதுக்கு மேல என்னால ஒண்ணும் பண்ண முடியாது. மலேசியாவுல, லங்காவித் தீவுல மத்தியானமானா இப்படித்தான்.

இன்னைக்கு நான் செம கடுப்பு, செம சந்தோஷம், ரெண்டும். முதல்ல கடுப்பு. என் பாய்மரப் படகு பொன்னிக்கு ஜாக்லைன், அதாவது ஆளு கடல்ல விழாம காக்குற நாடா, ஆர்டர் போட்டிருக்கேன்னு போன வீடியோல சொன்னேன்ல, பார்சல் வந்துச்சு. பிரிச்சா உள்ள ரெண்டு நாடா. அவ்ளோதான்! 500 ரிங்கிட்டுக்கு மேல! "மரைன்"னு ஒரு லேபிள் ஒட்டிட்டா என்ன விலை வேணா வைக்கலாம்போல. சரி, அளவாவது ஒழுங்கா இருக்கான்னா, அதுவும் இல்ல. 34 அடி படகுக்கு மூக்குல இருந்து வால் வரைக்கும் இழுத்துக் கட்டுற நீளத்துக்கு வெட்டி வச்சிருக்காங்க. அன்னைக்கே திருப்பி அனுப்பிட்டேன்.

புதுசா பாக்குறவங்களுக்கு ஒரு வார்த்தை. ஜாக்லைன்னா டெக் மேல, அதாவது படகோட மேல்தளத்துல, முன்னுக்கும் பின்னுக்கும் ஓடுற நாடா. உடம்புல மாட்டுற ஹார்னஸ் பட்டையில இருந்து டெதர்னு ஒரு கயிறு வரும், அதோட கொக்கிய நாடால மாட்டிக்கிட்டா, கழட்டாமலே முன்னாடி போய் ரீஃப் எடுத்துட்டு, அதாவது பாயச் சுருக்கிட்டு வரலாம். நான் தனி ஆளு. நான் தண்ணில விழுந்தாலும் ஆட்டோபைலட் பாட்டுக்கு பொன்னிய ஓட்டிக்கிட்டுப் போயிரும், திரும்பி வந்து தூக்க யாரு இருக்கா?

நாடா ஏன் வால் வரைக்கும் போகக்கூடாதுன்னு கேப்பீங்க. நீள டெதர் 2 மீட்டர். நாடா கடைசி வரைக்கும் ஓடுச்சுன்னா, விழுந்த ஆளு அது மேலயே வழுக்கிப் போய் படகுக்குப் பின்னாடி இழுபடுவாரு. 5 நாட் (மணிக்கு 9 கிலோமீட்டர்) வேகத்துல தண்ணி மூஞ்சில அடிச்சா மூச்சே விட முடியாது, எங்க ஏறுறது? 2011ல இங்கிலீஷ் கால்வாய்ல ஒரு ஸ்கிப்பர் டெதரோடதான் விழுந்தாரு. டெதர் அறுந்தெல்லாம் போகல. மேல ஆளுங்க இருந்தும் இழுபட்டே இறந்துட்டாரு. அதனால என்னோட நாடாவ படகு வாலுக்கு 2 மீட்டருக்கு மேலயே முன்னாடி நிறுத்திட்டேன். ஓரமா லைஃப்லைன் வேலி பக்கம் போடாம, கேபின் கூரை மேல, பாய்மரத்த ஒட்டி, நடுவுல கொண்டுபோயிருக்கேன். கொக்கிய மாட்டினா வேலிய தாண்டி விழவே கூடாது, எனக்கு அதான் கணக்கு. அங்க 1 மீட்டர் டெதர்தான்.

நாடா எங்க வாங்கினேன் தெரியுமா? அலோர் ஸ்டார்ல லோரிக்குக் கட்டுற பெல்ட் விக்கிற கடை! 35 மில்லிமீட்டர் அகல பாலியஸ்டர், ஆரஞ்சு கலர், உடையும் பலம் 3 டன்னுன்னு லேபிள்லயே போட்டிருக்கு. பாய்மரப் படகுப் போட்டிக்கான உலக அமைப்பு வேர்ல்ட் செய்லிங், அவங்க விதி இந்த மாதிரி நாடாவுக்குக் கேக்குறது 20 கிலோநியூட்டன், அதாவது 2 டன்னுக்குக் கொஞ்சம் மேல. மீட்டர் 4 ரிங்கிட்டுங்க! பாய் தைக்கிறவர்கிட்ட ரெண்டு முனையிலயும் வளையம் தைக்கக் கொடுத்த கூலியையும் சேத்தாக்கூட அந்தப் பார்சல்ல கால்வாசி வரல. நைலான் வேண்டாம், நனைஞ்சா இழுபடும். கம்பியும் எனக்குச் சுத்தமா ஆகாது. கால் வச்சா உருளும், ராத்திரி பூரா டெக்குல கடகடன்னு அடிக்கும். நாடா தட்டையா படுத்துக்கும், மிதிச்சாலும் பரவால்ல.

இப்போ சந்தோஷத்துக்கு வர்றேன். நாடாவோட முனையக் கட்டுற இரும்பு வளையம்தான் பேட் ஐ, அத டெக்குல வெறும் ஸ்க்ரூ போட்டு வைக்கக்கூடாது. போல்ட் டெக்கத் துளைச்சுக் கீழ வந்து, பாரத்தப் பரப்புற பேக்கிங் பிளேட் தகட்டோட நட்டு முடுக்கணும். போல்ட் தலை மேல, நட்டு கீழ. ஆளு ஒருத்தர்! நட்ட திருப்பினா மேல போல்டும் சேந்து சுத்துது. மேல ஓடி வந்து பாக்குறேன், கீழ ஓடுறேன், கூரை உள்பலகையில மண்டை இடிக்குது. கடைசில வைஸ் கிரிப்ப, அதான் கடிச்சுப் பூட்டிக்கிற இடுக்கிய எடுத்து போல்ட் தலையில கடிக்க விட்டு, அதோட கைப்பிடி கேபின் கைப்பிடிக் கம்பில முட்டி நிக்கிற மாதிரி வச்சேன். கீழ போய் நட்ட முடுக்குறேன்... மேல "டக்"குனு ஒரு சத்தம். பிடிச்சிருச்சு! கேபின்ல தனியா உக்காந்து கை தட்டினேன் மக்களே. நட்டத்தான் சுத்தணும், போல்ட்ட சுத்தினா அடியில தண்ணி புகாம இருக்க வச்ச பியூட்டைல் டேப் முறுக்கிக்கிட்டு அப்புறம் ஒழுகும்.

அய்யோ, துளை போட்டத சொல்லாமலே தாண்டிட்டேன். பொன்னி டெக்குக்கு நடுவுல பால்சா மரம். நேரா துளைச்சு போல்ட் போட்டா, என்னைக்காவது தண்ணி இறங்கி உள்ள மரம் பூரா ஊறி அழுகிரும். அதனால முதல்ல பெரிய துளை, அத எபாக்ஸி பசை ஊத்தி அடைச்சு, நல்லா காய விட்டு, அதுக்கு நடுவுல போல்ட் அளவுக்குத் திரும்பத் துளை. காயுற வரைக்கும் பொறுமை வேணும், எனக்கு அது கிடையாதுன்னு உங்களுக்கே தெரியும்.

நாடாவோட பின் முனைய பேட் ஐயோட சேத்து, டைனீமாங்கிற ரொம்ப பலமான மெல்லிசு கயிற நாலஞ்சு சுத்து சுத்தி இறுக்கியிருக்கேன். துணிக்கொடி மாதிரி தொங்கவும் கூடாது, விறைச்சுக்கிட்டு நிக்கவும் கூடாது. நேரா நிக்கிற நாடாவ நடுவுல இழுத்தா, அது 10 டிகிரி வளையுற நேரத்துல ரெண்டு முனைக்கும் நீங்க இழுக்குற பாரத்தப்போல கிட்டத்தட்ட மூணு மடங்கு போகும். பாவம் பேட் ஐ.

போன வீடியோ கமெண்ட்ல ஒரு அண்ணன், நாடாவ முன்னாடி இருக்கிற கிளீட்லயே, அதான் படகக் கட்டுற கயிற சுத்துற கொம்புலயே, கட்டிட்டா என்னன்னு கேட்டிருந்தாரு. கிளீட்டும் பலமானதுதான்ணே. ஆனா 2017 நவம்பர்ல, உலகம் சுத்துற கிளிப்பர் ரேஸ்ல, ஒருத்தரோட டெதர் கொக்கி கிளீட்டுக்கு அடியில மாட்டிக்கிச்சு. பக்கவாட்டுல பாரம் விழவும் கொக்கி வளைஞ்சு கழண்டுருச்சு. அவரு கடல்ல விழுந்து இறந்துட்டாரு. அதப் படிச்சதுல இருந்து கொக்கி உரசுற இடத்துல கிளீட் இருந்தாலே எனக்கு ஆகாது.

அப்புறம், மெரினால நிக்கும்போது நாடாவக் கழட்டி உள்ள வச்சிருவேன். நம்ம ஊரு வெயில்ல தையல் நூல்தான் முதல்ல செத்துப்போகும். வடகிழக்குக் காத்து நிலையா வந்ததும் திருகோணமலைக்குக் கிளம்பணும், ஏறக்குறைய 1,100 கடல் மைல். அதுக்கு முன்னாடி கேபின்ல இருந்து காக்பிட்டுக்கு, அதான் படக ஓட்டுற இடத்துக்கு, வர்ற வாசல்லயும் ஒரு பேட் ஐ போடணும், படி ஏறி வெளிய வர்றதுக்கு முன்னாடியே கொக்கி மாட்டிக்க.

மூக்குப் பக்கம்தான் இன்னும் இழுபறி. 1 மீட்டர் டெதர் அங்க எட்டல, 2 மீட்டர் போட்டா வேலிய தாண்டுது. நங்கூரம் தூக்குற விண்ட்லஸ் பக்கத்துல தனியா ஒரு பேட் ஐ வைக்கலாம்தான், ஆனா அதுக்கு நட்டு முடுக்க நங்கூரச் சங்கிலி அறைக்குள்ள தலைகீழா தொங்கணும். வைஸ் கிரிப் முட்டி நிக்க அங்க ஒரு கம்பி கூட இல்ல. யாருக்காவது யோசனை இருந்தா கமெண்ட்ல போடுங்க. "ஒரு ஆளக் கூப்பிடு"ன்னு மட்டும் போடாதீங்க!